அமூர் ஆறு: பகைதான் அதைக் காப்பாற்றி வைத்ததா?

பழைய_வரைபடம் எழுதியது:

கொஞ்சம் வம்பான கேள்வியோடு இழையைத் தொடங்குகிறேன்.

ரஷ்யாவின் கிழக்கு ஓரத்தில் ஷில்கா, அர்குன் என்று இரண்டு ஆறுகள் கூடி அமூர் ஆகின்றன. அங்கிருந்து கடல் வரை 2,824 கி.மீ. இந்த நீளத்தில் பெரும்பகுதி சீனாவுக்கும் ரஷ்யாவுக்கும் எல்லை. கபரோவ்ஸ்க் நகரத்தில் உசூரி வந்து சேர்ந்ததும் ஆறு வடக்கே திரும்பி முழுக்க ரஷ்யாவுக்குள் போய்விடும். வடிநிலம் 18 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல், அதாவது இந்தியாவில் பாதிக்கும் அதிகம்.

இவ்வளவு பெரிய ஆற்றின் நடு ஓட்டத்தில் ஒரு அணைகூட இல்லை. துணையாறுகளில் உண்டு: சேயாவில், புரேயாவில், சீனப் பக்கம் சுங்காரியில். தாய் ஆற்றில் கிடையாது. 1956-ல் சோவியத்தும் சீனாவும் சேர்ந்து ஆற்றை அளந்து பார்க்க ஒப்பந்தம் போட்டார்கள். சில வருடங்களில் இருவருக்கும் ஆகாமல் போய்விட்டது. 1986-ல் மறுபடி திட்டம் போட்டார்கள், அதுவும் காகிதத்தோடு நின்றது. காவிரியில் இரண்டு மாநிலம் சண்டை போட்டும் அணை கட்டுவது நிற்கவில்லையே என்பீர்கள். அங்கே ஒவ்வொருவரும் தன் எல்லைக்குள் கட்டிக்கொண்டார்கள். இங்கே ஆற்றின் நடுவே கோடு ஓடுகிறது. அடுத்தவன் கையெழுத்து இல்லாமல் ஒரு கல் வைக்க முடியாது.

அதனால்தான் சொல்கிறேன், இந்த ஆற்றைக் காப்பாற்றியது சுற்றுச்சூழல் அக்கறை இல்லை. 350 வருடத்துச் சந்தேகம்.

ஆற்றுமணல் எழுதியது:

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த 350 வருடத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்லுங்கள் சார். ரஷ்யா அங்கே எப்போது போனது? சீனாவுடைய ஆறு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பழைய_வரைபடம் எழுதியது:

1640-களில் போயார்கோவ் என்பவரும் பிறகு கபரோவும் சைபீரியாவிலிருந்து மலை தாண்டி இறங்கினார்கள். தோலும் தானியமும் தேடி வந்த கூட்டம். ஆற்றங்கரை மக்கள் பட்ட பாட்டை ரஷ்ய ஆவணங்களே மறைக்கவில்லை. அந்த நேரத்தில்தான் மஞ்சுக்கள் சீன அரியணையில் ஏறியிருந்தார்கள். அமூர் அவர்களுடைய பின்கட்டு மாதிரி. அல்பாசின் என்ற ரஷ்யக் கோட்டையை 1685-லும் 1686-லும் முற்றுகையிட்டார்கள். 1689-ல் நெர்ச்சின்ஸ்க் ஒப்பந்தம். ஐரோப்பிய அரசு ஒன்றோடு சீனா போட்ட முதல் ஒப்பந்தம் அதுதான். இரண்டு தரப்புக்கும் பொது மொழி இல்லை. பீகிங் அரண்மனையில் இருந்த ஜெர்பிலோன், பெரைரா என்ற இரண்டு ஏசு சபைப் பாதிரிகள் மொழிபெயர்த்தார்கள். கடைசியில் மூலப்பிரதி லத்தீனில்! ஷில்கா கரையில் உட்கார்ந்து ஜூலியஸ் சீசரின் மொழியில் எல்லை போட்டிருக்கிறார்கள். அல்பாசினை ரஷ்யா இடித்துவிட்டு வெளியேறியது.

170 வருடம் அப்படியே போனது. 1858-ல் சீனா அபினி யுத்தத்தில் மாட்டிக்கொண்டு தவித்தபோது, முராவியோவ் என்ற ஆளுநர் அய்குன் ஊரில் உட்கார்ந்து வட கரை முழுவதையும் எழுதி வாங்கிக்கொண்டார். அதற்காக அவருக்கு "அமூர்ஸ்கி" என்று பட்டம். 1860-ல் உசூரிக்குக் கிழக்கேயும் போயிற்று. விளாடிவோஸ்டாக் அப்படித்தான் ரஷ்யாவுக்கு வந்தது.

ஒரு பக்கக் கதை. மஞ்சு மொழியில் இந்த ஆறு சாகாலியன் உலா, கருப்பு ஆறு. சீனத்தில் ஹெய்லோங்ஜியாங், கருப்பு டிராகன் ஆறு. பழைய வரைபடம் ஒன்றில் ஆற்று முகத்துக்கு எதிரே "கருப்பு ஆற்று வாயின் பாறைகள்" என்று மஞ்சுவில் எழுதியிருந்ததை, அந்தத் தீவின் பெயர் என்று ஐரோப்பியர்கள் படித்துவிட்டார்கள். அதுதான் இன்றைய சகாலின் தீவு. படத்தைத் தப்பாகப் படித்ததில் ஒரு தீவுக்கே பெயர் கிடைத்தது.

பிளாகா_டாக்டர் எழுதியது:

இந்த இழையைப் பார்த்ததும் பேசாமல் போக முடியவில்லை. நான் மருத்துவம் படித்தது பிளாகோவெஷென்ஸ்கில். இந்தியப் பையன்கள் கணிசமாக உண்டு அங்கே. விடுதியிலிருந்து ஆற்றங்கரைக்கு நடந்தே போகலாம். எதிர்க்கரையில் சீனாவின் ஹெய்ஹ நகரம். நடுவில் முக்கால் கிலோமீட்டர் தண்ணீர், அவ்வளவுதான். ராத்திரி அந்தப் பக்கம் முழுக்க வண்ண விளக்கு, திருவிழா மாதிரி. இந்தப் பக்கம் அடக்கமான தெருவிளக்கு. சீனக் கரையில் மணி எங்களுக்கு ஒரு மணி நேரம் பின்னால். புத்தாண்டு இரவில் நாங்கள் கொண்டாடி முடித்துத் தூங்கப் போகும்போது அவர்களுக்குப் பன்னிரண்டு அடிக்கும்.

நவம்பரில் ஆறு உறையும். முதலில் கரையோரம் மெல்லிய தகடு, அப்புறம் நடுவில் மிதந்துவரும் பாளங்கள் ஒன்றோடொன்று உரசும் சத்தம், உப்பைக் காலால் மிதிப்பது போல. ஒரு நாள் காலை சத்தம் இருக்காது. உறைந்துவிட்டது என்று அர்த்தம். ஏப்ரல் கடைசியில் உடையும்போது ஊரே கரைக்கு வந்து பார்க்கும். லிதஹோத் என்பார்கள், பனிப் புறப்பாடு. லாரி அளவு பாளங்கள் செங்குத்தாக எழும்பிக் கவிழும்.

கரையில் ஒரு வெற்றி வளைவு இருக்கிறது. 1891-ல் பட்டத்து இளவரசர் நிக்கோலாய் வந்தபோது கட்டியது, பிறகு இடிந்து, இந்த நூற்றாண்டில் திரும்பக் கட்டினார்கள். அதில் எழுதியிருப்பது: "அமூர் மண் ரஷ்யாவுடையதாக இருந்தது, இருக்கிறது, இருக்கும்." எதிர்க்கரையைப் பார்த்துக்கொண்டு யாருக்காக இதை எழுதினார்கள் என்று முதல் வருடமே யோசித்தேன். காரணம் தெரிந்தபோது கொஞ்ச நாள் ஆற்றைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

1900 ஜூலை. சீனாவில் வெளிநாட்டாருக்கு எதிரான பாக்ஸர் கலகம். தென் கரையிலிருந்து நகரத்தின்மேல் குண்டு விழுந்தது. அதற்குப் பழியாக, நகரத்தில் கடை வைத்திருந்த, கூலி வேலை செய்த சீனர்களை எல்லாம் திரட்டி, ஆற்றின் மேற்பக்கம் ஓட்டிப்போய், நீந்திப் போ என்று தண்ணீரில் இறக்கினார்கள். படகு கிடையாது. தயங்கியவர்களை வெட்டினார்கள், சுட்டார்கள். சில ஆயிரம் பேர். சீனக் கரையில் அய்குனில் இதற்கு ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே ரஷ்யர்களை உள்ளே விடுவதில்லை என்று பத்திரிகைகள் எழுதியிருக்கின்றன.

பகை காப்பாற்றியது என்று சொல்வதற்கு முன்னால் இதையும் கணக்கில் வையுங்கள் சார்.

பழைய_வரைபடம் எழுதியது:

வைக்கிறேன் டாக்டர். ஆற்றைக் காப்பாற்றியது என்றேன், மனிதர்களை என்று சொல்லவில்லை. ஆனாலும் நீங்கள் சொன்னதற்குப் பிறகு என் முதல் பதிவின் தொனி எனக்கே கொஞ்சம் உறுத்துகிறது.

வரப்புமீன் எழுதியது:

வணக்கம். நான் தஞ்சாவூர் பக்கம் இரண்டு குட்டை வைத்து மீன் வளர்க்கிறேன். கட்லா, ரோகு, மிர்காலோடு புல் கெண்டையும் விடுவோம். மீன்வளப் பயிற்சிக்குப் போனபோது புல் கெண்டைக்கு இன்னொரு பெயர் "ஒயிட் அமூர்" என்றார்கள். ஏதோ கம்பெனி பெயர் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருக்கிறேன். இந்த ஆறுதானா அது?

பிளாகா_டாக்டர் எழுதியது:

அதேதான் அண்ணே! ரஷ்யாவில் அந்த மீனுக்குப் பெயரே "பியெலி அமூர்", வெள்ளை அமூர். சந்தையில் பார்த்திருக்கிறேன். புல் கெண்டைக்கும் வெள்ளிக் கெண்டைக்கும் சொந்த ஊர் சீன ஆறுகளும் இந்த அமூரும்தான்.

வரப்புமீன் எழுதியது:

அட! புல் கெண்டையை 1959-ல் ஹாங்காங்கிலிருந்து கட்டாக்குக்குக் கொண்டுவந்தார்கள் என்று பயிற்சியில் சொன்னது ஞாபகம் இருக்கிறது. அதற்கு முந்தின ஊர் எது என்று யாரும் சொல்லவில்லை.

அப்படியென்றால் அணை இல்லாததைப் பற்றி நானும் ஒன்று சொல்லலாம். இந்த மீன் குட்டையில் குஞ்சு வைக்காது. எத்தனை வருடம் விட்டாலும் வைக்காது. பொரிப்பகத்தில் ஊசி போட்டு முட்டையைப் பிதுக்கி எடுப்பார்கள். ஓடுகிற ஆற்றில், வெள்ளம் ஏறும்போதுதான் தானாக முட்டை விடும். அந்த முட்டை தண்ணீர் குடித்து உப்பி, கண்ணாடி உருண்டை மாதிரி ஓட்டத்திலேயே மிதந்துகொண்டு போகும். ஒன்றிரண்டு நாளில் போகிற போக்கிலேயே பொரியும். ஓட்டம் நின்றால் முட்டை அடியில் படிந்து செத்துவிடும். பொரிப்பகத்தில் வட்டத் தொட்டி கட்டித் தண்ணீரைச் சுற்றிச் சுற்றி விடுவது அதற்காகத்தான். அந்தத் தொட்டி ஒரு ஆற்றின் நகல்!

அதனால் நடு ஆற்றில் அணை கட்டியிருந்தால் மேலே எத்தனை மீன் இருந்தாலும் பிரயோஜனம் இல்லை. முட்டைக்கு ஓட நீளம் வேண்டும்.

கூழைக்கடா எழுதியது:

வரப்புமீன் அண்ணா, அருமை. ஆனால் பழைய_வரைபடம் சார் வாதத்தில் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. ஆறு என்றால் ஓடுகிற தண்ணீர் மட்டும் இல்லை.

அமூர், சுங்காரி, உசூரி மூன்றும் சேரும் இடத்தில் சீனப் பக்கம் சான்ஜியாங் சமவெளி. மூவாற்றுச் சமவெளி என்று அர்த்தம். 1950 வரை கண்ணுக்கு எட்டிய தூரம் சதுப்பு நிலம். கொக்குகளுக்கும் நாரைகளுக்கும் அது சொர்க்கம். பெய்தாஹுவாங், வடக்கின் பெரும் பாழ் என்று பெயர். வெளியேறிய ராணுவத்தினரைக் கொண்டு முதலில் உழுதார்கள். 1968-ல் ஹெய்லோங்ஜியாங்கில் ராணுவ அமைப்பில் பண்ணைப் படை ஒன்றே உருவாக்கினார்கள். அடுத்த வருடம் மார்ச்சில் உசூரி நடுவே தமான்ஸ்கி தீவில் இரண்டு நாட்டுப் படைகளும் சுட்டுக்கொண்டன. சீனர்களுக்கு அது சென்பாவ் தீவு. நகரத்துப் பையன்களையும் பெண்களையும் லட்சக்கணக்கில் எல்லைக்கு அனுப்பினார்கள். ஒரு கையில் மண்வெட்டி, தேவைப்பட்டால் துப்பாக்கி. வாய்க்கால் வெட்டி வடித்து இன்று அங்கே எல்லாம் நெல்வயல். சதுப்பில் பெரும்பகுதி போய்விட்டது. பாழ் என்ற பெயரையும் மாற்றிவிட்டார்கள், இப்போது "வடக்கின் பெருங்களஞ்சியம்."

அதை உழுததும் பகைதான் சார். எல்லையில் ஆள் இருக்க வேண்டும் என்ற பயம் இல்லாவிட்டால் அந்தக் குளிரில் அவ்வளவு பேரைக் கொண்டுபோய் யார் குடிவைப்பார்கள்?

ஆற்றுமணல் எழுதியது:

சைபீரியாவில் நெல்லா?!

கூழைக்கடா எழுதியது:

சைபீரியா என்றதும் பனி மட்டும் நினைக்கிறோம். அமூர் படுகைக்குப் பருவமழை எட்டுகிறது. ஆற்றுக்கு வரும் தண்ணீரில் பெரும்பங்கு உருகும் பனி இல்லை, ஜூலை ஆகஸ்ட் மழை. மற்ற சைபீரிய ஆறுகள் வசந்தத்தில் பெருகும், இது நம் ஊர் ஆறு மாதிரி மழைக்காலத்தில் பெருகும். 2013-ல் கபரோவ்ஸ்கில் நீர்மட்டம் 808 செ.மீ. வரை போயிற்று. அதற்கு முந்தைய உச்சம் 1897-ல் 642 தான்.

அதனால்தான் அந்தக் காட்டில் ஒரே இடத்தில் காட்டுத் திராட்சைக் கொடியும் ஊசியிலை மரமும், புலியும் பழுப்புக் கரடியும். 1940-களில் அமூர்ப் புலி நாற்பது வரைக்கும் இறங்கிவிட்டது என்றார்கள். 1947-ல் சோவியத் அரசு வேட்டையைத் தடை செய்த பிறகுதான் ஏறத் தொடங்கியது. இப்போது ஐந்நூறுக்கு மேல்.

அப்புறம் என் சொந்த விருப்பம், அமூர் வல்லூறு. சுமார் 150 கிராம் எடைதான் இருக்கும் பறவை. அங்கே கோடையில் குஞ்சு பொரித்துவிட்டு ஆப்பிரிக்காவின் தெற்குக்குப் போகிறது, நடுவில் அரபிக்கடலை நிற்காமல் தாண்டி. போகிற வழியில் அக்டோபர், நவம்பரில் நாகாலாந்தின் தோயாங் நீர்த்தேக்கத்தில் இறங்கும். ஈசல் கிளம்பும் பருவம், அதைத் தின்று கொழுக்கத்தான் நிறுத்தம். 2012-ல் அங்கே ஒரு லட்சத்துக்கு மேல் வலையில் சிக்கிக் கொல்லப்பட்டன என்ற செய்தி உலகம் முழுக்கப் போயிற்று. அடுத்த வருடமே பாங்தி ஊர்க்காரர்கள் வேட்டையை நிறுத்திவிட்டார்கள். அந்த வருடம் மூன்று பறவைகளுக்குச் செயற்கைக்கோள் கருவி பொருத்தி நாகா, பாங்தி, வோக்கா என்று பெயர் வைத்தார்கள். ஒரு முறை நானும் போயிருக்கிறேன். மாலையில் மின்கம்பியில் இடமில்லாமல் உட்கார்ந்திருக்கும். சத்தம், எச்சம், மேலே வானம் தெரியாது.

ஆற்றுமணல் எழுதியது:

சரி, கேவியர் கதை யாராவது சொல்லுங்கள். அமூர் என்றாலே அதுதான் கேள்விப்பட்டிருக்கிறேன்.

பிளாகா_டாக்டர் எழுதியது:

அது சந்தோஷமான கதை இல்லை. கேவியர் என்பது ஸ்டர்ஜன் வகை மீனின் முட்டை. காலுகா என்று ஒரு ஸ்டர்ஜன். இந்த ஆற்றுப் படுகையைத் தவிர வேறு எங்கும் முட்டையிடாது. ஐந்தரை மீட்டர் நீளம், ஆயிரம் கிலோ வரை வளர்ந்த பதிவுகள் உண்டு. சால்மனையே விழுங்குகிற மீன். பெண் மீன் பருவத்துக்கு வரவே பதினாறு பதினேழு வருடம், அப்புறமும் வருடாவருடம் முட்டையிடாது. சோவியத் காலத்திலேயே பிடிக்கத் தடை. ஆனால் 1990-களில் எல்லை திறந்து, இந்தப் பக்கம் வேலை போய், அந்தப் பக்கம் வாங்க ஆள் வந்ததும், திருட்டு வலை பெருகிவிட்டது. இருபது வருடம் வளர்ந்த மீனை வயிற்றைக் கிழித்து முட்டையை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். இன்று அது அழிவின் விளிம்பில் இருக்கும் இனங்களின் பட்டியலில்.

நட்பு வந்ததும் மீன் போயிற்று என்று சார் சொல்லக்கூடும். அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

பழைய_வரைபடம் எழுதியது:

சொல்லத்தான் வந்தேன், நீங்களே சொல்லிவிட்டீர்கள். ஆனால் கூழைக்கடா வைத்த இடி பலமானது. சான்ஜியாங் விஷயத்தை நான் யோசித்திருக்கவே இல்லை. "நடு ஓட்டத்தைப் பகை காப்பாற்றியது, கரையைப் பகை தின்றது" என்று என் வாதத்தைச் சுருக்கிக்கொள்கிறேன்.

சதுப்பு போனதால் போனது பறவை மட்டும் இல்லை. அந்தச் சதுப்பும் காடும்தான் ஆற்றுக்கு இரும்புச் சத்தைக் கரைத்துத் தருகின்றன. அது ஓகோட்ஸ்க் கடல் வழியாகப் பசிபிக் வரை போய் நுண்பாசிக்கு உரமாகிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டார்கள். மீனை வளர்க்கும் காடு என்று அவர்கள் ஊரில் பழைய சொல் ஒன்று உண்டு, கடலோரக் காட்டை வெட்டாதே என்பதற்காக. ஹொக்கைடோ மீனவனின் காடு சீனாவிலும் ரஷ்யாவிலும் இருக்கிறது.

பகை ஓய்ந்த பிறகுதான் பொறுப்பு வந்தது என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 2005 நவம்பரில் ஜிலின் நகரத்து ரசாயன ஆலை வெடித்து சுமார் 100 டன் பென்சீன் வகைகள் சுங்காரியில் கலந்தன. ஹார்பினில் நான்கு நாள் குழாய்த் தண்ணீர் நிறுத்தம். டிசம்பரில் அந்த நஞ்சு பனிக்கு அடியிலேயே நகர்ந்து கபரோவ்ஸ்க் வந்தது. சீனாவே ஒரு கால்வாயை அடைத்து நகரத்தின் நீரெடுப்புப் பக்கம் போகாமல் தடுக்க உதவியது. 1969-ல் இது நடந்திருந்தால்?

எல்லைத் தகராறு 2008-ல் கபரோவ்ஸ்க் எதிரே தீவுகளைப் பங்கிட்டதோடு முடிந்தது. 2022 ஜூனில் டாக்டர் படித்த ஊருக்கும் ஹெய்ஹவுக்கும் சாலைப்பாலமே வந்துவிட்டது.

பிளாகா_டாக்டர் எழுதியது:

பாலம் என்றதும் ஒன்று. கபரோவ்ஸ்கில் சைபீரிய ரயில்பாதையின் பாலம் 1916-ல்தான் முடிந்தது. தாமதத்துக்கு அங்கே சொல்லும் காரணம்: வார்சாவில் செய்து கடல்வழியாக அனுப்பிய, தூண்களுக்கு இடையே வைக்கும் கடைசி இரண்டு பாலக் கண்களை 1914-ல் இந்தியப் பெருங்கடலில் ஜெர்மன் கப்பல் ஒன்று மூழ்கடித்துவிட்டது. எந்தக் கப்பல் தெரியுமா? நம் எம்டன்! சென்னையில் குண்டு போட்ட அதே எம்டன். ஒரு ரஷ்ய நண்பன் இதைச் சொன்னபோது, எங்கள் ஊரில் கெட்டிக்காரப் போக்கிரிக்கு இன்னும் அந்தப் பெயர்தான் என்றேன். அவன் நம்பவில்லை.

செம்பருத்தி எழுதியது:

எல்லாரும் ரஷ்யா, சீனா என்றே பேசுகிறீர்கள். அங்கே முதலிலிருந்தே இருந்தவர்கள்? நானாய், நிவ்ஹ், உல்ச்சா மக்கள். நானாய்களில் சுமார் 12,000 பேர் ரஷ்யாவில், 5,000 பேர் சீனாவில். சீனாவில் அவர்களுக்கே ஹெஜ என்று வேறு பெயர். மாமன் மச்சான் உறவுகளுக்கு நடுவே கோடு போட்டவர்கள் யாரும் அவர்களைக் கேட்கவில்லை.

கைத்தறி, துணி பற்றி எழுதுகிறவள் என்பதால் எனக்கு அவர்களைத் தெரியும். மீன்தோலில் உடை தைப்பவர்கள். சால்மன், கெண்டை தோலை உரித்துக் காயவைத்து, மர உரலில் வைத்து மரச்சுத்தியால் மணிக்கணக்கில் அடிப்பார்கள், முரட்டுத் துணி மாதிரி இளகும் வரை. செதில் இருந்த இடமெல்லாம் சின்னச் சின்ன வளையமாகத் தெரியும், யாரோ நெய்த மாதிரி. தண்ணீர் இறங்காது. முதுகில் சுருள் சுருளாக வேலைப்பாடு. சீனர்கள் "மீன்தோல்காரர்கள்" என்றே அவர்களைக் கூப்பிட்டார்கள்.

கபரோவ்ஸ்குக்குக் கீழே சிகாச்சி-அல்யான் ஊரில் கரையோரக் கரும்பாறைகளில் அதே சுருள்கள், முகமூடி மாதிரி கண்கள், ஒரு எல்க் மான். பல ஆயிரம் வருடப் பழசு. நானாய் கதைப்படி ஆதியில் மூன்று சூரியன்கள். பாறையே உருகி மெழுகாக இருந்ததாம், அப்போது விரலால் வரைந்தது. பிறகு ஒரு வீரன் இரண்டு சூரியனை அம்பால் வீழ்த்தினான், பாறை இறுகிவிட்டது. வருடாவருடம் பனி உடையும்போது பாளங்கள் அந்தப் பாறைகளைத் தள்ளிப் புரட்டிப் போடுகின்றன.

கூழைக்கடா எழுதியது:

அக்கா, இவ்வளவு நேரம் எங்கே இருந்தீர்கள்?

பிளாகா_டாக்டர் எழுதியது:

செம்பருத்தி அக்கா கபரோவ்ஸ்க் என்றதும் ஞாபகம் வந்தது. மூன்றாம் வருட விடுமுறையில் ராத்திரி ரயில் பிடித்துக் கபரோவ்ஸ்க் போனோம். ஊருக்கு வெளியே ஒரு ஏரிக்குக் கூட்டிப்போனார்கள். ஆகஸ்ட். ஏரி முழுக்கத் தாமரை. நம் செந்தாமரை. இலையில் தண்ணீர் அதே மாதிரி உருள்கிறது. ரஷ்யர்கள் அதிசயம் பார்க்கிற மாதிரி படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு எங்கள் ஊர்க் கோயில் குளம். ஜனவரியில் அதே ஏரிக்குமேல் மைனஸ் முப்பது. கிழங்கு மட்டும் பனிக்கு அடியில், சேற்றில் உறையாமல் கிடக்குமாம்.

ஆற்றின் முகத்துக்குப் பக்கத்தில் தீர் என்ற ஊரில் சீனாவின் மிங் அரசு 1413-ல் கோயில் கட்டி நட்ட கல்வெட்டு ஒன்று இப்போது விளாடிவோஸ்டாக் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் பக்கவாட்டில் சீனம், மங்கோலியம், திபெத்தியம், ஜுர்சென் என்று நான்கு எழுத்தில் ஒரே வரி: ஓம் மணி பத்மே ஹூம். பத்மம் என்றால் என்ன என்று கூட வந்த ரஷ்யப் பெண்ணுக்கு அந்த ஏரியைக் காட்டித்தான் சொன்னேன்.

வரப்புமீன் எழுதியது:

டாக்டர் தம்பி, அங்கே விரால் உண்டா?

பிளாகா_டாக்டர் எழுதியது:

உண்டு அண்ணே, வடக்கத்தி விரால். பாம்புத்தலை மீன் என்பார்கள். நம் விரால் மாதிரியே மேலே வந்து காற்றுக் குடிக்கும். பனி மூடிய மாதங்களில் அடியில் அசையாமல் கிடக்கும்.

வரப்புமீன் எழுதியது:

அப்போ சரி. தை பிறந்ததும் குட்டையில் வலை இழுக்கிறோம். புல் கெண்டை இரண்டு கிலோ தாண்டியிருக்கும். கோ-4 புல்லை வெட்டிப் போட்டே வளர்த்தது. வியாபாரியிடம் ரஷ்யாவிலிருந்து வந்த ஜாதி என்று சொல்லிப் பார்க்கிறேன். கிலோவுக்கு அஞ்சு ரூபாய் கூடக் கொடுக்கிறானா பார்ப்போம்.